ஒப்புரவு வீதி

உரோமைக்குத் திருப்பயணம் செல்வோர் தைபர் ஆற்றின் பக்கமிருந்து தூய பேதுரு பேராலயத்தை நோக்கி நடக்கும் அகன்ற பாதைக்கு 'ஒப்புரவு வீதி' என்பது பொருள்படும் பெயர். தொலைவிலேயே குவிமாடம் தெரியும்போது நெகிழாத நெஞ்சமில்லை. ஆனால் அந்த வெட்டவெளியில் ஒருகாலத்தில் அடுப்புகள் எரிந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

'போர்கோ' என்னும் அப்பகுதியின் நடுவே 'ஸ்பீனா' என வழங்கிய வீட்டு வரிசைகள் நெருங்கி நின்றன. 1929இல் திருப்பீடமும் இத்தாலிய அரசும் இலாத்தரன் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த ஒப்புரவின் நினைவாக வீதி அமைக்க முசோலினி அரசு முனைந்தது. திருத்தந்தை 11ஆம் பத்திநாதரும் இசைந்தார். 1936 அக்டோபரில் முசோலினியே பிக்காசை ஓங்கி முதல் வெட்டு வெட்டினார். ஓராண்டுக்குள் வீடுகளும், அங்கிருந்த தூய யாக்கோபு ஆலயமும் தரைமட்டமாயின. 1950 யூபிலி ஆண்டில் வீதி நிறைவுற்றது.

குடியிருந்தோர் எங்கே சென்றனர்? நகருக்கு வெளியே 'போர்காத்தா' எனப்பட்ட குடியிருப்புகளுக்குப் பலர் அனுப்பப்பட்டனர். கூரை கிடைத்தது, பிழைப்பும் அண்டை அயலும் பழகிய ஆலயமணியும் தொலைவாயின.

நகரம் சீர்பட வேண்டாமா எனக் கேட்கலாம். வேண்டும். இருண்ட சந்துகளும் இட நெருக்கடியும் போற்றத் தக்கவை அல்ல. எனினும், எவருடைய வாழ்வு சீர்படவேண்டுமோ அவரையே வெளியேற்றுவது சீரமைப்பு ஆகுமா?

பிரெஞ்சு அறிஞர் ஆன்றி லெபெவ்ர் 'நகரின் மீதான உரிமை' என்னும் கருத்தை 1968இல் நூலாக்கினார். வாழும் நகரை உருவாக்குவதில் எளியோருக்கும் பங்குண்டு என்பது அதன் சாரம். அதே ஆண்டில் உரோமையின் அருள்தந்தை ரொபேர்த்தோ சார்தெல்லி, பழைய நீர்க்கால்வாய் வளைவுகளை ஒட்டி எழுந்த குடிசைகளுக்கிடையே குடியேறினார். 725ஆம் எண் குடிசையில் பள்ளி நடத்தினார். அவருடைய மாணவர்கள் நகரத் தலைவருக்கே கடிதம் எழுதித் தங்கள் நிலையை எடுத்துரைத்தனர். போர்கோ மக்களிடம் எவரும் கேளாத கருத்தை, இச்சிறுவர்கள் கேளாமலே சொல்லத் துணிந்தனர்.

பீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகுமாறு ஆண்டவர் பணித்தார். அரசும் திருச்சபையும் கைகுலுக்கிய அந்த வீதியில், வீடிழந்த சகோதரனோடு செய்யவேண்டிய ஒப்புரவு மட்டும் விடுபட்டுவிட்டது. ஆலயத்தின் முன்புறம் அழகுபெற வேண்டுமென நம் பங்குகளிலும் நாம் விரும்புகிறோம். அப்போது, அங்கே யாருடைய அடுப்பு எரிகிறது என்று முதலில் கேட்போமா?