காதலரின் ஆட்டமும் அரசுகளின் விதியும்: எல்கடுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

காதலையும் மணத்தையும் தனிமனிதத் தெரிவுகளாக மட்டும் காணும் போக்கு முதலாளித்துவ சமூக அறிவியலில் வலுவானது. ஆட்டக் கோட்பாடு அதற்குக் கணித வடிவம் தந்தது. 1944 இல் வொன் நொய்மனும் மோர்கன்ஸ்டேர்னும் பொருளாதார நடத்தையை விளக்க வகுத்த இக்கோட்பாட்டிலே, 1957 இல் லூசும் ரைஃபாவும் ஓர் இணையரை எடுத்துக்காட்டாக்கினர். ஆண் குத்துச்சண்டை பார்க்க விரும்புகிறான். பெண் பாலே நடனம் பார்க்க விரும்புகிறாள். ஆயினும் பிரிந்து செல்வதை இருவருமே விரும்பவில்லை. கலந்து பேசினால் இணக்கம் காணலாம் என்பதே எளிய விடை.

இவ்வாட்டத்தை மாத்தளை மாவட்டத்து எல்கடுவ மலைகளில் வைத்து நோக்குவோம். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. பின்வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் தேவைப்பட்டனர். எனவே குடும்பங்கள் குடியேறின. துணை தேடும் களத்தை வகுத்தது தோட்டத்தின் ஆட்தேவையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்களத்தைப் பின்னர் அரசுகள் குலைத்தன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்கும் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழும் இருவரை எண்ணிப் பார்ப்போம். பெண்ணின் குடும்பம் இந்தியாவுக்கு மனுச் செய்கிறது. ஆணின் குடும்பம் இலங்கையை நாடுகிறது. இருவரும் நாள்தோறும் பேசக்கூடியவர்களே. எனினும் பேச்சு அவர்களை இணைக்காது. விண்ணப்பம் குடும்பத்தினுடையது, முடிவு அரசுகளினுடையது, விகிதமோ ஏற்கெனவே விதிக்கப்பட்டது. தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தமை இப்பிரிவுகளின் சமூகப் பதிவாகும்.

ஆட்டக் கோட்பாட்டை முற்றாக ஒதுக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. ஆட்டக்காரரின் உத்திகளை அது துல்லியமாக விளக்கும். ஆயின் விதிகளை வகுத்தவர் யார், எவர் நலனுக்காக வகுத்தனர் என்னும் வினாக்களை அது தானாக எழுப்புவதில்லை. இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. விதி மாறக்கூடியதே என்பதை அது காட்டிற்று. கடல் கடந்து பிரிந்த காதலர்க்கோ அது காலங் கடந்த மாற்றமாகும்.