நீர்நாயின் பங்கு: பாசிர் ரிஸ் கடற்பண்ணைகளும் இழப்பைச் சுமப்பவர் யார் என்ற கேள்வியும்

பாசிர் ரிஸ் கடற்கரையில் வடக்கு நோக்கி நின்றால் புலாவ் உபினுக்கு இப்பால் தாழ்வான மிதவைகள் வரிசையாகத் தெரியும். அவை கிழக்கு ஜோகூர் நீரிணையின் மீன்வளர்ப்புப் பண்ணைகள். ஊரார் அவற்றையும் பழக்கத்தில் ‘கேலோங்’ என்றே சொல்கிறார்கள். கழி நட்டு மீன் மடக்கும் பழைய கேலோங் வேறு. முதுகுக்குப் பின்னால் பாசிர் ரிஸ் பூங்கா, அதனுள் ஆறு ஹெக்டர் சதுப்புநிலக் காடு, சுங்கை தம்பனிஸ், சுங்கை அப்பி அப்பி. இந்த இரண்டுக்கும் இடையில் போய்வரும் விலங்கு நீர்நாய். பூங்காவில் அதைப் படமெடுக்கக் கூட்டம் சேர்கிறது; மிதவையில் அதே விலங்கு திருடன்.

சிங்கப்பூரில் நீர்நாய் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே நடக்கிறது: பெருகிவிட்டதா, குறைக்க வேண்டுமா, வேண்டாமா. கேள்வியே பிசகியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வேட்டை விலங்கொன்று மீண்டு வரும்போது அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே முதலில் தீர வேண்டியது. அதைத் தீர்க்காத நாடுகளில் எண்ணிக்கைச் சண்டை ஓய்ந்ததில்லை. அமெரிக்கத் தென்மேற்கின் மெக்சிகோ ஓநாய் அதற்கு நல்ல சான்று என்பதால், பாசிர் ரிஸ்ஸை அதனோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

இரண்டுக்கும் ஓர் ஆண்டு பொதுவாக அமைந்திருக்கிறது. சாம்பல்நிற ஓநாயின் துணையினங்களில் ஒன்றான மெக்சிகோ ஓநாயை மாட்டுப் பண்ணைக்காரர்களுக்காக அமெரிக்க அரசே பொறி வைத்தும் நஞ்சு வைத்தும் ஏறக்குறைய துடைத்தெடுத்தது. 1976-இல் அது அருகிய விலங்காக அறிவிக்கப்பட்டது. கூண்டில் எஞ்சிய ஏழு விலங்குகளின் வழிவந்தவற்றில் பதினொன்று 1998 மார்ச்சில் அரிசோனாவில் திறந்துவிடப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பல சுட்டுக் கொல்லப்பட்டன. அதே 1998-இல்தான் சிங்கப்பூரிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் மறைந்துபோயிருந்த மென்மயிர் நீர்நாய் சுங்கை பூலோவில் மீண்டும் தென்பட்டது. இதை யாரும் கொண்டுவந்து விடவில்லை. நீரிணையைக் கடந்து தானாக வந்தது. 1977 முதல் பத்தாண்டு நடந்த சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைத் திட்டம், ஆறுகளையும் கால்வாய்களையும் மீன் வாழும் நீராக முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தது.

2017-இல் நடந்த கணக்கெடுப்பு குறைந்தது 79 நீர்நாய்களைக் கண்டது. 2021 வாக்கில் தன்னார்வலர்களின் எண்ணிக்கை 170-ஐ எட்டியது. 720-க்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டரில் அறுபது லட்சம் பேர் வாழும் தீவுக்கு இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் விலங்கின் புகழ் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. 2016-இல் நாட்டின் 51ஆம் பிறந்தநாளுக்கு அடையாளமாக நாளிதழ் வாசகர்கள் பீஷான் நீர்நாய்க் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பீஷான் குடும்பமும் மரினா குடும்பமும் எல்லைக்காகக் கட்டிப் புரண்டது குடும்ப வழக்கு மாதிரி செய்தியானது. தேசியப் பல்கலைக்கழகத்தின் என். சிவசோதியும் அவருடைய மாணவர்களும் செய்த களப்பணி இல்லாவிட்டால் இந்த விலங்கைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது கால்வாசியாகத்தான் இருந்திருக்கும்.

சட்டம் அதன் பக்கம் நிற்கிறது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு 2020 ஜூனில் வனவிலங்குச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அனுமதியின்றிக் காட்டு விலங்கைக் கொன்றாலோ பிடித்தாலோ பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. தீனி போட்டாலே முதல் குற்றத்துக்கு ஐயாயிரம் வெள்ளி வரை போகும். பன்னாட்டு அளவில் மென்மயிர் நீர்நாய் அழிவுக்குள்ளாகக்கூடிய இனம். 2019 முதல் அதன் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடுக்கப்பட்டுள்ளது. இந்தச் சட்டங்களில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அவை ஒருவரைத் தடுக்கின்றன. தடுக்கப்பட்டவருக்கு அதன்பின் என்ன வழி என்பதைத்தான் சொல்லாமல் விடுகின்றன.

இனி மிதவைக்குப் போவோம். பலகை நடைபாதை, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பீப்பாய்கள், நடைபாதைகளுக்கு நடுவே தொங்கும் சதுர வலைக்கூண்டுகள், அவற்றில் கொடுவாயும் களவாயும். பல மிதவைகளில் காவலுக்கு நாய் இருக்கும். நீர்நாய் ஒரு குடும்பமாகத்தான் வரும். வளர்ந்த ஒன்று ஏழு முதல் பதினோரு கிலோ வரை நிறை கொண்டது. பலகையில் ஏறி மேல்வலையின் தளர்ந்த மூலையை மூக்கால் தூக்கி உள்ளே இறங்கும், அல்லது நீருக்கடியில் வலையைக் கடிக்கும். தின்ற மீன் போனால் போகிறது. கடித்த ஓட்டை வழியே தின்னாத மீனும் கடலுக்குப் போய்விடும். எஞ்சியவை மிரண்டு தீனி எடுக்க மறுக்கும். காலையில் பண்ணைக்காரர் காண்பது பலகைமேல் செதிலும் முள்ளும் கலந்த, நாற்றமடிக்கும் எச்சம். எப்போதாவது ஒரு மீன்தலை. கூண்டில் எத்தனை குறைந்தது என்பது வலையைத் தூக்கி எண்ணும் நாள்வரை தெரியாது. அப்படி எண்ணினாலும் நீர்நாய்க்குப் போனது எது, நோய்க்குப் போனது எது, ஓட்டை வழியே போனது எது என்று பிரிக்க வழியில்லை.

வாதத்தின் முடிச்சு இங்கேதான். இழப்பீடு என்றதும் எல்லா அரசுகளும் கேட்பது பிணத்தை. மெக்சிகோ ஓநாய் நாட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. ‘டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப்’ என்ற தனியார் அமைப்பு 1987 முதல் ஓநாய் கொன்ற கால்நடைக்குப் பணம் கொடுத்தது; கன்றின் உடல் கிடைக்க வேண்டும், அதில் ஓநாயின் பல் தெரிய வேண்டும். ஐடஹோவில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வொன்று, கண்டெடுக்கப்பட்ட ஒவ்வொரு கன்றுக்கும் கண்ணில் படாமல் எட்டு வரை போயிருக்கக்கூடும் என்று கணித்தது. பணம் வந்தும் பண்ணைக்காரரின் கசப்பு ஏன் குறையவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் கன்றின் உடலாவது சில சமயம் கிடைக்கிறது. கடலில் அதுவும் இல்லை.

இதற்கு மாற்று ஒன்று ஏற்கெனவே நடப்பில் உள்ளது. சுவீடன் அரசு 1996 முதல் சாமி மக்களின் கலைமான் மேய்ப்புக் கிராமங்களுக்கு இறந்த மானுக்காகப் பணம் தருவதை விட்டு, அவர்கள் நிலத்தில் லின்க்ஸ் பூனையும் வோல்வரினும் ஈன்ற குட்டிகளின் கணக்கில் பணம் தருகிறது. குட்டி உயிரோடிருந்தால் வருமானம். மந்தையைக் காப்பதும் காக்காததும் மேய்ப்பவர் பொறுப்பு. மெக்சிகோ ஓநாய்ப் பகுதியிலும் பண்ணைக்காரர்களும் பாதுகாவலர்களும் சேர்ந்த ஒரு குழு 2014-இல் வகுத்த திட்டம், ஓநாய் இருப்பதற்கே பணம் என்ற முறைக்கு நகர்ந்தது. ஓநாயின் எல்லைக்குள் பண்ணை இருக்கிறதா, எத்தனை கால்நடை ஓநாயின் வழியில் நிற்கிறது, காவலுக்கு ஆள் வைத்திருக்கிறாரா என்று பார்த்துப் பங்கு பிரிக்கிறார்கள். 2024 முடிவில் அங்கே குறைந்தது 286 ஓநாய்கள் எண்ணப்பட்டன. எல்லாம் அந்தப் பணத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. கசப்பும் முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் பேச்சு பிணத்தை விட்டு நகர்ந்தது.

இந்த முறை பாசிர் ரிஸ்ஸுக்கு அங்கே பொருந்தியதைவிட நன்றாகப் பொருந்தும் என்று கருதுகிறேன். மலைக்காட்டில் ஓநாய் எங்கே இருக்கிறது என்பதை அறியக் கழுத்துப்பட்டையும் விமானமும் வேண்டும். இங்கே நீர்நாய்க் குடும்பம் ஒவ்வொன்றையும் விடியற்காலையில் பின்தொடரும் தன்னார்வலர்கள் உண்டு. எந்தக் குடும்பம் எந்தக் கழிமுகத்தில், குட்டி எத்தனை என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும். ரசிகர்களின் குறிப்பேட்டை நிர்வாகக் கணக்காக்குவதுதான் பாக்கி.

பணத்தை மீனுக்காகத் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வலைக்காகத் தரலாம். நீர்நாய் கடிக்க முடியாத கெட்டிவலை, பலகை ஓரத்தில் ஏறவிடாத தடுப்பு, இறுக்கிக் கட்டக்கூடிய மேல்வலை ஆகியவற்றின் விலையில் ஒரு பகுதியை, நீர்நாய்க் குடும்பங்கள் நடமாடும் நீர்ப்பரப்பிலுள்ள பண்ணைகளுக்கு அரசு ஏற்கலாம். அதற்குப் புதிய துறை தேவையில்லை. சிங்கப்பூர் உணவு அமைப்பு 2021-இல் அறுபது மில்லியன் வெள்ளியில் தொடங்கிய வேளாண் உணவு உருமாற்ற நிதி, உற்பத்தித் திறன் என்ற பெயரில் பண்ணைக் கருவிகளுக்குப் பங்கு தந்தது. அதே பாணியில் காவல் வலைக்கும் ஒரு தலைப்பு திறக்கலாம். அதை உணவு அமைப்பும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து நடத்தினால், மீனுக்கு ஒரு துறை, நீர்நாய்க்கு ஒரு துறை என்று பண்ணைக்காரர் இரண்டு வாசலில் அலைய வேண்டியிராது.

எதிர்வாதம் வலுவானது. 2015-இன் தொடக்கத்தில் நச்சுப் பாசி பூத்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் ஐந்நூறு டன்னுக்கு மேல் மீன் செத்து மிதந்தது. அத்தோடு ஒப்பிட்டால் நீர்நாய் தின்பது என்ன? நியாயமான கேள்விதான். ஆனால் பாசிக்கு உரிமை எதையும் சட்டம் தந்துவிடவில்லை. பாசியை எதிர்த்துப் பண்ணைக்காரர் எதுவும் செய்யலாம். நீர்நாயை எதிர்த்து அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. பொதுநலத்துக்காகக் கட்டப்பட்டது என்றால் பொதுப்பணத்தில் ஒரு பங்கு வரத்தான் வேண்டும். மேலும், ஏற்கெனவே நொடித்திருக்கும் தொழிலில் சிறிய இழப்பும் கடைசி இழப்பாகிவிடும். 2030-க்குள் உணவுத் தேவையில் முப்பது விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019-இல் அறிவித்த அரசு, 2025 நவம்பரில் அந்த இலக்கைக் கைவிட்டு 2035-க்கு வேறு இலக்குகளை வைத்தது. பண்ணைகள் எந்த நெருக்கடியில் இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

கொண்டோமினியக் குளத்தில் அலங்காரக் கோய் மீனைப் பறிகொடுத்தவர்கள் இந்த வாதத்தைத் தங்களுக்கும் நீட்டக் கூடாது. 2020-இல் ஊரடங்கில் வெறிச்சோடிய தெருக்களில் நீர்நாய்கள் வீட்டுக் குளங்களுக்குள் புகுந்தபோது எழுந்த கூக்குரல், மிதவைக்காரர்கள் ஆண்டுக்கணக்காக எழுப்பியதைவிடப் பத்து மடங்கு பெரிதாகக் கேட்டது. யார் பேசினால் ஊர் கேட்கும் என்பது தனி ஆய்வுக்குரிய விஷயம். குளத்துக்கு வேலி போடுவது உரிமையாளர் செலவு. அது அவர் விருப்பத்துக்கு வளர்த்தது. சோற்றுக்கு வளர்த்ததற்கும் விருப்பத்துக்கு வளர்த்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கொள்கை மறைக்கக் கூடாது.

பாதுகாப்பைக் குலைக்க இன்னொரு வழியும் உண்டு: விலங்கின் குலத்தைக் கேட்பது. மெக்சிகோ ஓநாய் தனித் துணையினந்தானா, செந்நிற ஓநாய் வெறும் கலப்பா என்ற ஐயம் பண்ணை மாநிலங்களின் அரசியலில் நெடுநாள் ஆயுதமாக இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் தேசிய அறிவியல் கழகங்கள் 2019-இல் தந்த அறிக்கை, முன்னது செல்லுபடியாகும் துணையினம் என்றும் பின்னது தனி இனம் என்றும் சொன்னது. சிங்கப்பூரிலும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, இங்குள்ள மென்மயிர் நீர்நாய்களின் முன்னோர்களில் சிறுநக நீர்நாயும் கலந்திருப்பதைக் காட்டியது. கலப்பு என்பதால் காக்கத் தேவையில்லை என்று நாளை ஒருவர் எழுந்து சொல்லலாம். ஆற்றில் அந்நிய மீனைத் தின்று கழிமுகத்தில் குட்டி வளர்க்கும் விலங்குக்குப் பாட்டி யார் என்பது அதன் வேலையை மாற்றிவிடாது. குலத்தின் தூய்மையைக் கொண்டு பாதுகாப்பை நியாயப்படுத்தத் தொடங்கினால், அடுத்த ஆய்வுக்கூட முடிவில் அது சரிந்துவிடும் என்பதை ஓநாய் வழக்கு காட்டுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த விலங்கு புதியதும் இல்லை. சங்கப் பாடல்களின் மருதநிலப் பொய்கைகளில் வாளை மீனைக் கவ்வுவது இதுதான். இன்றும் காவிரியில் வலை வீசும் மீனவர்கள் கிழிந்த வலைக்கு இதைத்தான் திட்டுகிறார்கள். மரபில் மதிப்பு இருந்ததால் சகிப்பும் இருந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வடகர்நாடகத்துக் குறும்பர்களும் மராட்டியத்துத் தங்கர்களும் ஓநாய்க்கு ஓர் ஆட்டை விட்டுக்கொடுப்பதைத் தொழிலின் பங்காக எண்ணுகிறார்கள் என்பது உண்மைதான். மேய்ச்சல் நிலம் விரிந்து கிடந்தவரை அது கட்டுப்படியாயிற்று. நிலம் தரிசென்று எழுதப்பட்டு ஆலைக்கும் தோட்டத்துக்கும் போனபின் மந்தையும் சுருங்கியது, பொறுமையும் சுருங்கியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025-இல் முதன்முறையாக இந்திய ஓநாயைத் தனியே மதிப்பிட்டபோது எஞ்சியவை மூவாயிரம் அளவில் என்றது. அவற்றுள் பெரும்பகுதி காப்பகங்களுக்கு வெளியே, ஆடு மேயும் நிலத்தில் வாழ்பவை.

பாசிர் ரிஸ் நீர்நாயும் அப்படியே காப்பகத்துக்கு வெளியே வாழ்கிறது. அதைப் பிடித்து வேறிடத்தில் விடுவது தீர்வாகாது; எல்லை காக்கும் குடும்பம் ஒன்று போனால் காலியான கழிமுகத்துக்கு இன்னொன்று வரும், வந்த குடும்பத்துக்கு மிதவையின் தளர்ந்த மூலை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஆகவே செலவிட வேண்டியது மூலையில். பண்ணை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது காவல்வலையை ஒரு நிபந்தனையாக வைத்து, அதே விண்ணப்பத்தில் அதன் விலைப் பங்கையும் வழங்கினால், நிபந்தனையும் உதவியும் ஒரே நாளில் மிதவைக்குப் போய்ச் சேரும்.