'பொணத்தை அறுக்கணுமா?' - தடயவியல் உயிரியல் படிக்க ஆசைப்படுறவங்க முதல்ல இதைப் படிங்க!

ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப். நீட் எழுத விருப்பமில்லை. 'ஃபாரன்சிக் படிக்கப் போறேன்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். அம்மாவின் முதல் கேள்வி, "அய்யய்யோ, பொணத்தை அறுக்கணுமா?" அப்பாவின் கேள்வி, "படிச்சா வேலை கிடைக்குமா?"

அம்மாவுக்குப் பதில் ஈஸி. போஸ்ட்மார்ட்டம் செய்வது எம்.பி.பி.எஸ் முடித்த டாக்டரின் வேலை. தடயவியல் உயிரியல் படித்தவருக்கு வேலை ஆய்வகத்தில்தான். அப்பாவின் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லணும்.

என்ன படிப்பீங்க?

ரத்தம், எச்சில், விந்து, முடி, எலும்பு, பல் என உடலிலிருந்து கிடைக்கும் தடயங்கள்தான் முக்கியப் பாடம். கூடவே மகரந்தம், பூச்சி, பாசி எல்லாம் வரும். உடலில் இருக்கும் ஈப்புழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை வைத்து, இறந்து எத்தனை நாள் ஆகியிருக்கும் எனக் கணிக்கலாம். டயாட்டம் என்பது தண்ணீரில் வாழும் நுண்பாசி. உயிரோடு மூழ்கியவரின் உடலில் இது ரத்தம் வழியாக எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். அதனால், மூழ்கி இறந்தாரா, இறந்த பிறகு தண்ணீரில் போடப்பட்டாரா என்ற கேள்விக்கு இது ஒரு துப்பு.

சினிமா வேற, லேப் வேற!

சினிமாவில் பட்டனைத் தட்டினால் குற்றவாளியின் போட்டோ திரையில் வந்துவிடும். நிஜத்தில் எல்லாம் படிப்படியாகத்தான் நடக்கும். ஒரு சட்டையில் பழுப்புக் கறை இருக்கிறது. காஸில்-மேயர் சோதனை செய்கிறீர்கள், பிங்க் நிறம் வருகிறது. உடனே 'ரத்தம்' என்று எழுதிவிட முடியாது. சில காய்கறிகளில் இருக்கும் என்சைம்கூட அந்த நிறத்தைத் தரும். ரத்தம்தானா என்று உறுதிசெய்து, மனித ரத்தமா என்று பார்த்து, அதன் பிறகுதான் டி.என்.ஏ.

ஈரச் சட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து டி.என்.ஏ-வைச் சிதைத்துவிடும். நிழலில் உலர்த்தி, பேப்பர் கவரில் வைக்க வேண்டும். இதில் அலட்சியமாக இருந்தால் ஒரு வழக்கே கையைவிட்டுப் போகலாம்.

டி.என்.ஏ-வுக்கும் எல்லை உண்டு. ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர்களை வழக்கமான சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. கறை யாருடையது என்று டி.என்.ஏ சொல்லும். அது எப்போது, எப்படி அங்கே வந்தது என்று சொல்லாது.

முதல்ல காப்பாத்தினது ஒரு பையனை!

இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன், ஒரு கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டான். 1984-ல் டி.என்.ஏ கைரேகை முறையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரிஸிடம் மாதிரிகள் போயின. இரண்டு கொலைகளையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது அந்தப் பையன் இல்லை என்று தெரிந்தது. அவன் விடுவிக்கப்பட்டான். உண்மையான குற்றவாளிக்கு 1988-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் ரிப்போர்ட்டின் பின்னால் இப்படி ஒரு உயிர் இருக்கும்.

அப்பாவுக்குப் பதில்

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 176(3) பிரிவுப்படி, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். இதை முழுமையாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆகவே, ஆள்களின் தேவை கூடும். தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி மூலம் ஆள் எடுக்கிறார்கள். படிக்க, காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராசிரியர் ஆக விரும்புபவர்களுக்கு யு.ஜி.சி நெட் தேர்வில் தடய அறிவியல் தனிப் பாடமாகவே உண்டு.

ஒரு எச்சரிக்கை! மத்திய ஆய்வகங்களின் உயிரியல் பிரிவுக்கு வந்த யு.பி.எஸ்.சி அறிவிப்புகளில், எம்.எஸ்ஸி தடய அறிவியல் முடித்தவர்கள் இளங்கலையில் விலங்கியலோ தாவரவியலோ படித்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். 'ஃபாரன்சிக்' என்ற பெயரை மட்டும் பார்த்து பி.எஸ்ஸி சேர்ந்தால், விண்ணப்பிக்கும்போதே சிக்கல் வரலாம். அதனால் ஃபீஸ் கட்டும் முன் மூன்று விஷயங்களைச் செய்யுங்கள்.

* பழைய வேலைவாய்ப்பு அறிவிப்புகளை எடுத்து, கல்வித்தகுதி பகுதியை வரி விடாமல் படியுங்கள்.
* சேரப்போகும் கோர்ஸின் சிலபஸில் விலங்கியல், தாவரவியல் எத்தனை செமஸ்டர் வருகிறது என்று பாருங்கள்.
* கல்லூரியில் டி.என்.ஏ லேப் இருக்கிறதா, மாணவர்களைத் தொட விடுவார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள்.

விலங்கியல் அல்லது தாவரவியல் பட்டம் முடித்து, எம்.எஸ்ஸி-யில் தடய அறிவியலுக்கு வருவது இப்போதைக்கு சேஃபான ரூட்.

அம்மாகிட்ட இன்னொண்ணும் சொல்லிடுங்க. பொணத்தை அறுக்க வேண்டாம். ஆனா, கோர்ட் கூப்பிட்டா கூண்டில் ஏறி, வக்கீல் எத்தனை தடவை மடக்கினாலும் டெஸ்ட் காட்டினதை மட்டும் சொல்லணும். கூட்டியும் சொல்லக் கூடாது, குறைச்சும் சொல்லக் கூடாது. அந்த நிதானம் இருந்தா, தைரியமா அப்ளிகேஷன் போடுங்க!