எஞ்சிய தொகை யாருக்கு? கோலார் தங்கவயலும் வாரிசுரிமையும்

கடனுக்காக ஒருவரது சொத்து விற்கப்பட்டால், கடனும் செலவும் போக எஞ்சும் தொகை அவருக்கே உரியது. அவர் மறைந்துவிட்டால் அவருடைய வாரிசுகளுக்கு உரியது. அடமான விற்பனை தொடர்பாக 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 69ஆம் பிரிவில் வகுத்த இந்நெறியை, வங்கிக் கடன்களுக்கான 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டமும் 13(7)ஆம் பிரிவில் ஏற்கிறது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன் தொகையைப் பெற, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றத்தில் சான்றிதழ் கோரலாம். ஆனால், எஞ்சிய தொகையைக் கேட்க ஒரு முன்நிபந்தனை உண்டு: இறந்தவர் அச்சொத்தின் உடைமையாளராக இருந்திருக்க வேண்டும்.

கோலார் தங்கவயல் தொழிலாளரின் வரலாறு இந்த முன்நிபந்தனையில்தான் இடறுகிறது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வகித்த சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து வந்த தமிழர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்கள் வாழ்ந்த லைன் வீடுகள் கம்பெனியுடையவை. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் ஒன்றிய அரசிடமும் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. உடைமையாளர் மாறினர்; குடியிருந்தோர் உடைமையாளர் ஆகவில்லை.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்தில் தொழிலாளர் நிலுவைக்கும் ஈட்டுக் கடனாளருக்கும் சம முன்னுரிமை வேண்டும் என்பதை 1985ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத் திருத்தம் உறுதி செய்திருந்தது. எனினும் அனைத்துக் கடன்களும் தீர்ந்தபின் எஞ்சுவது பங்குதாரருக்கே செல்லும். இங்கே பங்குதாரர் அரசு. தொழிலாளி சட்டத்தின் பார்வையில் கடன் கொடுத்தவர் மட்டுமே. ஊதிய நிலுவை, பணிக்கொடை, வைப்பு நிதி ஆகியவற்றை அவருடைய வாரிசுகள் கோரலாம். எஞ்சிய தொகையைக் கோர இயலாது.

காலத்தாழ்வு இச்சிக்கலை மேலும் கடுமையாக்குகிறது. சொத்துகளை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி வழி விற்க ஒன்றிய அமைச்சரவை 2006இல் முடிவெடுத்தது. உச்ச நீதிமன்றம் 2013இல்தான் அதற்கு வழிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மறைந்த ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பணியேட்டுப் பெயரோடு பொருந்தும் அடையாளச் சான்று என ஆவணங்களைத் திரட்டும் சுமை குடும்பத்தின்மீது விழுகிறது. மகன் பெறவேண்டியதைப் பேரன் கோரும் நிலையும் வருகிறது.

ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகளும் ஒருவகை எச்சமே. பொன் பிரித்தபின் கொட்டப்பட்ட அம்மண்ணில் இன்னும் பொன் உண்டு. 13 மேடுகளில் அதை மீண்டும் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது. அம்மண்ணை ஆழத்திலிருந்து மேலே கொணர்ந்தோரின் வழித்தோன்றல்களுக்கு அதில் பங்குண்டா என்பதற்கு வாரிசுரிமைச் சட்டத்தில் விடையில்லை. பத்திரத்தை மட்டுமே உரிமையின் சான்றாகக் கொள்ளும் சட்டத்தில், உழைப்பு வாரிசு இல்லாமலே போகிறது.