பெயர் சொல்லப்பட்ட தோல் தொழிலாளி



கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றைப் பேசும்போது, 1895-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையையும் அதைக் கட்டிய பென்னிகுயிக்கையும் நன்றியோடு நினைவுகூருகிறோம். அந்த நீர் எட்டாத மேட்டு நிலங்களுக்கு அதன் பின்பும் நெடுங்காலம் நீர் வார்த்தது கமலையே. காளைகள் சரிவில் இறங்க, வடத்தில் கட்டிய சால் கிணற்றிலிருந்து மேலேறும். அதன் அடியில் பொருத்திய தோல் தும்பி வழியே நீர் வாய்க்காலில் பாயும். தோல் கிழிந்தால் பயிர் வாடும்.

அந்தத் தோலைப் பதமாக்கிய கைகளை நினைத்துப் பாருங்கள். செத்த மாட்டின் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் ஊனும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்தி, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவினார்கள். அந்த ஆவாரை ஆண்டிபட்டிக் கரடுகளில் இன்றும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது. இவ்விதம் பதனிட்ட சென்னை மாகாணத் தோல்கள் லண்டன் ஏலச் சந்தை வரை சென்றன. 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதிக்கத் தொடங்கியபோது, அவர் கருதிய பயன்களுள் ஒன்று நீரில் எளிதில் அழுகாத கமலைத் தோல். ஆயினும் அந்தத் தோலைத் தந்தவர்களுக்கு ஊரின் நடுவே வீடு இல்லை.

அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னர், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காக நம் நாட்டுத் தொழிலாளரைத் தம்பதியராக வரைந்து, படத் தொகுப்புகளாகக் கொடுத்தார்கள். அவற்றில் தோல் தொழிலாளியும் உண்டு. உடையும் கருவியும் கவனமாகத் தீட்டப்பட்டிருக்கும். அந்தப் படங்கள் பொதுவாகச் சாதியையும் தொழிலையும் குறிக்கும். அந்த மனிதனின் பெயரைச் சொல்லமாட்டா.

இப்போது அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யூத மரபில் தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் விலகியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட தொழில் செய்த ஒருவனின் வீட்டில்தான் பேதுரு தங்கியிருந்தார். கொர்நேலியுவுக்கு வழி சொன்ன தேவதூதன், கடலோரத்து வீடு என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சீமோன் என்ற அவன் பெயரையும் அவன் தொழிலையும் சேர்த்தே சொன்னான். எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்ற பாடத்தைப் பேதுரு கற்றது அந்த வீட்டின் மேல்தான்.

பிரியமானவர்களே, தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுந்ததுண்டு. ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், அருகே அமர்ந்திருப்பவரை அவர் முன்னோரின் தொழிலால் இன்னும் அளக்கிறோமா? இந்த வாரம் உங்கள் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் நின்று, அவர் பெயரைக் கேளுங்கள். அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லி மரியாதையோடு அழையுங்கள். பேதுருவைப்போல் அவர் வீட்டில் விருந்தினராய் அமரவும் ஆயத்தமாகுங்கள்.