செலம்பரம் போற பஸ்ஸும் ஒரு பழைய அகராதியும்

காலேஜ் கடைசி வருஷம், கடலூர்ல இருந்து சிதம்பரம் போற பஸ்லதான் நான் ஜி.ஆர்.இ. வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் பண்ணுவேன். ஒரே எழுத்துல தொடங்கற, யாருமே பேசாத இங்கிலீஷ் வார்த்தைகள் வரிசையா வரும். பரீட்சை முடிஞ்ச மறுநாளே எல்லாம் மறந்துபோச்சு. அமெரிக்காவுக்கும் போகலை, அது வேற எபிசோட்.

போன மாசம் இன்னொரு பட்டியல் கையில சிக்கிச்சு. 'ஹாப்சன்-ஜாப்சன்'. இந்தியாவுல இருந்த இங்கிலீஷ்காரங்க பேச்சுல ஒட்டிக்கிட்ட நம்ம ஊர் வார்த்தைகளுக்கான அகராதி, 1886ல வந்தது. தொகுத்தவங்க ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும். பர்னெல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், அங்க அரண்மனை நூலகத்துல இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் அச்சாகறதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1882லயே இறந்துட்டார்.

அதுல 'சி-ஹெச்' பக்கத்தைத் திறந்தா, பஸ்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்த மாதிரி இருக்கு. சங்கு 'சாங்க்' ஆகியிருக்கு. சுண்ணாம்பு 'சூனம்'. சுருட்டு 'செரூட்'. சாவடிக்கு நடுவுல எங்கிருந்தோ ஒரு 'ல்' புகுந்து 'சௌல்ட்ரி' ஆகியிருக்கு. இந்த சௌல்ட்ரியை லண்டன்ல இன்னிக்கு யாருக்கும் தெரியாது. ஆனா பெங்களூர்ல வேலை பாக்கறவங்க கல்யாணப் பத்திரிகையில பார்த்திருப்பீங்க, மண்டபத்துக்கு அங்க அதுதான் பேரு.

என்னை நிறுத்தினது 'சே ரூட்'. செரூட் இல்லைங்க, சே ரூட். நம்ம சாயவேர்தான். 'சாய'வை அப்படியே காதுல கேட்டு எழுதிட்டு, 'வேரை' மட்டும் மொழிபெயர்த்துட்டாங்க.

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். 1690ல கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்கிட்ட விலைக்கு வாங்கிச்சு. எல்லையை எப்படி முடிவு பண்ணாங்கன்னா, பீரங்கியில சுட்டா குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் கம்பெனிக்கு! அப்படிப் போன ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்'னே பேரு. குண்டு உப்பலவாடின்னு இன்னிக்கும் சொல்றோமே, அதுதான் கதை.

அவ்வளவு ஆசை எதுக்கு? முக்கியமா துணிக்கு. சோழமண்டலக் கரையோட சிவப்புத் துணிக்கு உலகம் முழுக்க கிராக்கி. அந்தச் சிவப்பு சாயவேர்ல இருந்து வந்தது. மணல்ல வளர்ற சின்னச் செடி, வேரைத் தோண்டி எடுக்கணும். கடுக்காயும் படிகாரமும் ஊட்டின துணியை அந்த வேர்ச்சாயத்துல கொதிக்க வெச்சா சிவப்பு பிடிக்கும், துவைச்சாலும் போகாது.

1868ல ஜெர்மனியில கிரேபே, லீபர்மன்னு ரெண்டு பேர் அலிசரினை லேப்லயே செஞ்சு காட்டினாங்க. சாயவேர்ல சிவப்பு தர்றதும் அதே அலிசரின்தான். தொழிற்சாலைச் சாயம் மலிவா வந்ததும் வேர் தோண்டறவங்க வேலை போச்சு. யூலும் பர்னெலும் அந்த வார்த்தையை அகராதியில ஏத்தும்போது பொருளே சந்தையை விட்டு நகர ஆரம்பிச்சிருந்தது. சுருட்டு பிடிக்க ஆள் இருந்ததால செரூட் பிழைச்சுது. கெட்ட பழக்கத்துக்குத்தான் ஆயுசு கெட்டி போல.

அதே 'சி-ஹெச்' வரிசையில ஒரு ஊர்ப்பேரும் இருக்கு: 'சில்லம்ப்ரம்'. நம்ம சிதம்பரம்! முதல்ல சிரிச்சேன். இவ்வளவு பெரிய கோயில் ஊர் பேரைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலையேன்னு.

அப்புறம்தான் உறைச்சது. 'த' எப்படி 'ல' ஆச்சு? கடலூர் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் என்னன்னு கூவுவார்? "செலம்பரம், செலம்பரம், செலம்பரம்!" எங்க பாட்டியும் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நான்தான் ஆறாவது படிக்கும்போது, "பாட்டி, சிதம்பரம்னு சொல்லு"ன்னு திருத்திக்கிட்டே இருப்பேன்.

வெள்ளைக்காரனுக்குக் கோயில் கல்வெட்டைப் படிக்கத் தெரியாது. பல்லக்குத் தூக்கறவரும் படகுக்காரரும் சொன்னதைக் காதுல வாங்கி எழுதினான். நம்ம ஆளுங்க எழுத உட்கார்ந்தா சுத்தமா 'சிதம்பரம்'னு எழுதிட்டாங்க. சாதாரண ஜனங்க வாயில வந்த ஊர்ப்பேர் ஒரு இங்கிலீஷ் அகராதியில லாக் ஃபைல் மாதிரி பதிவாகிக் கிடக்கு. என் பாட்டி சொன்னதுக்கு அச்சுல ஆதாரம் கிடைச்சது அங்கதான்.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சாயவேர்னு சொல்லிக் கேட்டிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. திருத்தாம, அவங்க சொல்ற மாதிரியே.