பியூட்டிரிக் அமிலம்

பியூட்டிரிக் அமிலம் (பெ.): நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட சிறிய கொழுப்பு அமிலம்.

சொற்பிறப்பு: வெண்ணெயைக் குறிக்கும் ‘பியூட்டிரம்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. அதற்கு மூலமான கிரேக்கச் சொல்லைப் ‘பசு’, ‘பாலாடைக்கட்டி’ என்ற இரண்டின் கூட்டாகப் பிரிப்பர். தமிழில் ‘வெண்ணெய்’ என்பதும் கூட்டுச்சொல்லே: வெண்மை + நெய்.

விளக்கம்: இதை வெண்ணெயில் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலர் செவ்ரேல். விலங்குக் கொழுப்புகள் பற்றிய அவரது நூல் 1823-இல் வெளிவந்தது. புது வெண்ணெயில் இந்த அமிலம் கிளிசராலோடு பிணைந்திருப்பதால் அதன் வாடை தெரிவதில்லை. நாள்பட்ட வெண்ணெயில் லிபேஸ் நொதி அந்தப் பிணைப்பை அறுக்க, அமிலம் தனியே பிரிகிறது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற சிக்கு வாடையில் இதன் பங்கே பெரிது.

இதே அமிலம் நம் பெருங்குடலிலும் உருவாகிறது. கீரை, பருப்பு, முழுதானியங்களில் செரிக்காமல் எஞ்சும் நார்ச்சத்தை அங்குள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து இதை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு இதுவே முதன்மை எரிபொருள். பெயர் வெண்ணெயிலிருந்து வந்தாலும், குடலுக்கு இதை ஊட்டுவது நாம் ஒதுக்கிவைக்கும் கீரைத்தண்டுதான்.